ஸ்கைரிமில் கதாபாத்திரம் வளர்ப்பது எப்படி: முதல் லெவலிலிருந்து லெஜன்டரி வரை முழு வழிகாட்டி

திறந்த உலக ரோல்பிளேயிங் கேம்களில் கதாபாத்திரம் எப்படி வளர்கிறது என்று புரிந்துகொள்ள ஸ்கைரிமை விட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. 2011 நவம்பர் 11 அன்று பெதஸ்டா வெளியிட்ட கேம் இது. 2016-ல் ஸ்பெஷல் எடிஷன், 2021-ல் ஆனிவர்சரி எடிஷன் என்று திரும்பத் திரும்ப வந்ததால் இன்றும் புதிதாக ஆரம்பிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் பதினைந்து, இருபது லெவலை ஒட்டி ஒரே மாதிரி மாட்டிக்கொள்கிறார்கள். லெவல் ஏறியிருக்கிறது, பை நிறையச் சாமான் இருக்கிறது, ஆனால் முன்பு சுலபமாக ஜெயித்த குகையைப் போன்ற இன்னொரு குகையில் நாலாவது எதிரியைத் தாண்ட முடியவில்லை.

இதற்குக் காரணம் கை வேகம் போதாதது அல்ல. ஸ்கைரிமில் லெவல் என்பது பரிசும்தான், விலையும்தான். நீங்கள் ஏறும்போது உலகமும் கூட ஏறுகிறது. எதில் ஏறினீர்கள் என்பதை உலகம் பார்ப்பதில்லை, ஏறினீர்களா என்பதை மட்டும்தான் பார்க்கிறது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு கதாபாத்திரத்தைத் திட்டமிட்டால் மற்றதெல்லாம் தானாக ஒழுங்குக்கு வரும். அதனால் முதலில் கணக்கைப் பார்ப்போம், அப்புறம் ஒரு கதாபாத்திரத்தை எடுத்துக்கொண்டு கடைசி வரை வளர்ப்போம்.

படி 1: கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஸ்கைரிமில் 18 ஸ்கில்கள். எதிரியைக் கொன்றாலும் குவெஸ்டை முடித்தாலும் நேரடியாக லெவல் ஏறாது. ஒரு ஸ்கில்லைப் பயன்படுத்தினால் அந்த ஸ்கில் ஏறும், ஸ்கில் ஏறினால்தான் கதாபாத்திரத்தின் லெவல் நகரும். வாள் வீசினால் ஒன்-ஹேண்டட், அடி வாங்கினால் நீங்கள் போட்டிருக்கும் கவசத்தின் ஸ்கில், மருந்து காய்ச்சினால் ஆல்கெமி. அவ்வளவுதான்.

ஒரு ஸ்கில் எந்த எண்ணைத் தொடுகிறதோ அத்தனை புள்ளிகள் கதாபாத்திரத்துக்குச் சேரும். ஒளிந்து நடக்கும் ஸ்கில்லான ஸ்னீக் 20-லிருந்து 21 ஆனால் 21 புள்ளி. 89-லிருந்து 90 ஆனால் 90 புள்ளி. அடுத்த லெவலுக்கு எவ்வளவு வேண்டும் என்பதற்கும் நேரான சூத்திரம் உண்டு: இப்போதைய லெவலை 25-ஆல் பெருக்கி 75 கூட்டுங்கள். முதல் லெவலிலிருந்து இரண்டாவதுக்கு 100, பத்திலிருந்து பதினொன்றுக்கு 325, ஐம்பதிலிருந்து அடுத்ததற்கு 1325.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. தாழ்ந்து கிடக்கும் ஸ்கில்லை ஏற்றுவது சுலபம், ஆனால் அது தரும் புள்ளி குறைவு. ஏற்கெனவே உயர்ந்த ஸ்கில்லை ஏற்றுவது கடினம், ஆனால் ஒவ்வொரு ஏற்றமும் லெவலைப் பலமாகத் தள்ளும். ஆக நாலைந்து ஸ்கில்லில் ஆழமாகப் போகிறவர்தான் நல்ல வேகத்தில் ஏறுவார். பதினெட்டிலும் கை வைத்தவர் ஏறியிருப்பார், ஆனால் எதிலும் பலம் இருக்காது.

இப்போது உலகத்தின் பக்கம். சாதாரண பேண்டிட் (கொள்ளைக்காரன்) லெவல் 1. நீங்கள் வளர வளர அவருடைய இடத்துக்கு லெவல் 9 தக், 14 ஹைவேமேன், 19 ப்ளண்டரர், 25 மராடர் என்று ஆட்கள் வருவார்கள். கல்லறைகளில் எழுந்து வரும் ட்ராகர்களும் அப்படித்தான்: 6-ல் ரெஸ்ட்லெஸ், 13-ல் வைட், 21-ல் ஸ்கர்ஜ், 30-ல் டெத்லார்ட். பழைய ஆட்கள் முற்றிலும் மறைந்துவிடுவதில்லை, ஆனால் ஒரு கூட்டத்தின் தலைவன் பெரும்பாலும் உங்கள் லெவலை ஒட்டியே இருப்பான்.

இன்னொன்று: பெரும்பாலான குகைகளுக்கும் கோட்டைகளுக்கும் குறைந்தபட்ச லெவலும் அதிகபட்ச லெவலும் உண்டு. நீங்கள் முதல்முறை உள்ளே கால் வைக்கும்போது அந்த இடத்தின் லெவல் நிலைபெறும். ஓர் இடம் கஷ்டமாக இருக்கிறது என்று பத்து லெவல் ஏறித் திரும்பி வந்தால் பலன் கிடைப்பது இதனால்தான்.

படி 2: எப்படிக் கொல்வேன், எப்படிப் பிழைப்பேன்

விளையாட்டைத் தொடங்கும் முன்பே இந்த இரண்டு கேள்விக்கும் ஒவ்வொரு வரியில் பதில் வைத்திருங்கள். ஸ்கைரிமில் போர்வீரன், திருடன் என்று வகுப்பு தேர்ந்தெடுக்கும் திரை கிடையாது. இதே தொடரில் 2006-ல் வந்த முந்தைய கேமான ஆப்ளிவியனில் இருந்தது. அங்கே முக்கிய ஸ்கில்களை ஆரம்பத்திலேயே பூட்டிவிட வேண்டும். லெவல் ஏறும்போது பலம், வேகம் போன்ற பண்புகளுக்கு முழு ஐந்து புள்ளி வாங்க, எந்த ஸ்கில் எத்தனை தடவை ஏறியது என்று காகிதத்தில் குறித்து வைத்து விளையாடியவர்கள் உண்டு. ஸ்கைரிம் அந்தச் சுமையை எடுத்துவிட்டது. அதனாலேயே திட்டமிடும் பொறுப்பு முழுக்க உங்கள் தலையில் வந்து விழுகிறது. இந்த மாற்றம் நல்லது என்றே நினைக்கிறேன், ஆனால் கேம் இதை எங்கேயும் சொல்லித்தராது.

இந்த வழிகாட்டிக்கு நான் எடுத்துக்கொள்ளும் கதாபாத்திரம், கத்தியும் மாயமும் சேர்ந்த கொலையாளி. எப்படிக் கொல்வேன்? பின்னால் ஒளிந்து வந்து சிறு கத்தியால் ஒரே குத்து. எப்படிப் பிழைப்பேன்? கண்ணில் படாமல். பட்டுவிட்டால், மனதை மயக்கும் இல்யூஷன் மந்திரத்தால் சண்டையையே கலைத்து.

இதற்கு வேண்டிய ஸ்கில்கள்: ஸ்னீக், ஒன்-ஹேண்டட், இல்யூஷன், லைட் ஆர்மர், கூடவே ஒரே ஒரு கைத்தொழிலாக ஆல்கெமி. ஐந்துதான். மற்ற பதின்மூன்றும் வழியில் கொஞ்சம் ஏறும், ஏறட்டும். ஆனால் பெர்க் (ஸ்கில்லுக்குள் வாங்கும் சிறப்புத் திறன்) புள்ளி அவற்றுக்குப் போகாது.

நீங்கள் கேடயம் பிடித்த வீரனையோ தீ வீசும் மந்திரவாதியையோ விரும்பலாம். அப்படியானால் ஸ்கில் பெயர்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், முறை இதேதான். ஆனால் நீங்கள் நம்பியிருக்கும் ஸ்கில் உண்மையில் எதைக் கூட்டுகிறது என்று முதலில் பாருங்கள். தீ போன்ற தாக்கும் மந்திரங்களின் ஸ்கில்லான டிஸ்ட்ரக்ஷன் ஏறினால் மந்திரத்தின் மேஜிக்கா (மந்திர சக்தி) செலவுதான் குறையும், அடியின் பலம் கூடாது. பலத்துக்குப் பெர்க், மருந்து அல்லது அடுத்த படி மந்திரம் வேண்டும். அதனால் தீ மந்திரவாதிக்கு ஆல்கெமியை விட, பொருள்களில் மந்திரம் பதிக்கும் என்சான்டிங் பொருத்தம். அது 100-ஐத் தொட்டு, முழுப் பெர்க்குகளும் இருந்தால், தலை, உடல், மோதிரம், கழுத்தணி நான்கிலும் செலவுக் குறைப்பைப் பதித்து டிஸ்ட்ரக்ஷன் செலவைப் பூஜ்யத்துக்கே கொண்டுவரலாம்.

படி 3: இனம்

பத்து இனங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்கில்லில் 10, ஐந்து ஸ்கில்லில் 5 கூடுதலாக வரும், மற்றதெல்லாம் 15-ல் தொடங்கும். இந்த எண்கள் பத்து லெவலுக்குள் மறந்துபோகும் அளவுக்குச் சின்னவை. இனத்தோடு வரும் திறன்தான் கடைசி வரை நிற்கும்: பிரிட்டனின் 25% மாய எதிர்ப்பு, நார்டின் 50% பனி எதிர்ப்பு, ஆர்க்கின் ஒரு நிமிட வெறி (கொடுக்கும் அடி இரட்டிப்பு, வாங்கும் அடி பாதி).

நம் கொலையாளிக்கு டார்க் எல்ஃப். ஸ்னீக், இல்யூஷன், லைட் ஆர்மர், ஆல்கெமி நான்கும் 20-ல் தொடங்கும். கூடவே 50% தீ எதிர்ப்பு. டிஸ்ட்ரக்ஷன் 25-ல் இருக்கும், அதைத் தொட வேண்டாம். கஜீத்தும் நல்ல தேர்வுதான்: ஸ்னீக் 25, ஒன்-ஹேண்டட் 20. ஆனால் இல்யூஷன் 15-லேயே நிற்கும்.

படி 4: முதல் இரண்டு மணி நேரம்

கேம் தொடங்கும் ஊரான ஹெல்கனிலிருந்து தப்பிக்கும் சுரங்கத்தின் கடைசியில் ஒரு கரடி தூங்கிக்கொண்டிருக்கும். கூட வருபவர் கையில் வில்லைக் கொடுத்து, வேண்டுமானால் ஒளிந்து கடந்துபோகலாம் என்பார். ஒளிந்தே போங்கள். எதிரிக்குப் பக்கத்தில் கண்ணில் படாமல் நகர்ந்தால் ஸ்னீக் ஏறும் என்பதை அங்கேயே கண்ணால் பார்த்துவிடலாம்.

வெளியே வந்து ரிவர்வுட் போகும் வழியில் மூன்று கார்டியன் கற்கள். போர்வீரன், மந்திரவாதி, திருடன். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அந்தப் பிரிவின் ஆறு ஸ்கில்களும் 20% வேகமாக ஏறும். நம் ஐந்தில் ஸ்னீக், லைட் ஆர்மர், ஆல்கெமி மூன்றும் திருடன் பிரிவில் இருப்பதால் திருடன் கல். ஸ்கைரிம் முழுக்க இப்படி 13 கற்கள் உண்டு, ஒரு நேரத்தில் ஒன்றுதான் வேலை செய்யும், எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். பின்னாளில் ஸ்கில்கள் போதுமான அளவு ஏறியதும் லார்ட் கல்லுக்கு மாறினால் 50 கவசப் புள்ளியும் 25% மாய எதிர்ப்பும் கிடைக்கும்.

தூக்கத்தையும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். சத்திரத்தில் காசு கொடுத்தோ சொந்தக் கட்டிலிலோ தூங்கி எழுந்தால் எட்டு மணி நேரத்துக்கு (விளையாட்டு நேரம்) 10% வேகமாகக் கற்பீர்கள். எங்கோ கிடக்கும் கட்டிலில் படுத்தால் 5%. கல்யாணம் செய்த துணையோடு ஒரே வீட்டில் தூங்கினால் 15%. ஓநாய் மனிதனாகிவிட்டால் இது எதுவும் கிடைக்காது.

படி 5: ஹெல்த், மேஜிக்கா, ஸ்டாமினா

ஒவ்வொரு லெவலிலும் மூன்றில் ஒன்றுக்கு 10 புள்ளி. ஸ்டாமினாவைத் தேர்ந்தெடுத்தால் சுமக்கும் எடையும் 5 கூடும்.

"என் கதாபாத்திரம் கண்ணிலேயே படாது, ஹெல்த் எதற்கு" என்று கேட்பவர்கள் உண்டு. படும். டிராகன் ஒளிந்திருப்பவனைத் தேடி வரும், குறுகலான அறையில் மந்திரவாதி திரும்பிப் பார்ப்பான். முதல் இருபது லெவலில் பாதிக்கு மேல் ஹெல்த்துக்குக் கொடுங்கள். இருபதாவது லெவலை அடையும்போது 19 தேர்வுகள் செய்திருப்பீர்கள். நம் ஆளுக்கு நான் பிரிப்பது: பத்து ஹெல்த், ஆறு மேஜிக்கா, மூன்று ஸ்டாமினா. எல்லாமே 100-ல் தொடங்குவதால் 200, 160, 130 என்று நிற்கும்.

டிஃபிகல்டியைக் கூட்டி விளையாடுபவர்கள் ஹெல்த்தை இன்னும் தாராளமாக ஏற்ற வேண்டும். அடெப்ட் என்ற நடுநிலையில் அடி உள்ளபடி விழும். மாஸ்டரில் நீங்கள் வாங்குவது இரண்டு மடங்கு, கொடுப்பது பாதி. லெஜன்டரி என்ற உச்ச நிலையில் வாங்குவது மூன்று மடங்கு, கொடுப்பது கால் பங்கு.

ஒரு சின்ன உபயோகம்: லெவல் ஏறத் தயாரானதும் உடனே மெனுவைத் திறந்து வாங்கிவிட வேண்டும் என்பதில்லை. வாங்கும் நொடியில் மூன்றும் முழுசாக நிரம்பும். அபாயமான குகைக்குள் போகும்போது ஒரு லெவலைக் கையிருப்பில் வைத்திருந்தால், உயிர் ஊசலாடும் நேரத்தில் கைகொடுக்கும்.

படி 6: பெர்க் புள்ளிகளைச் செலவழிப்பது

இங்கேதான் நிதானம் வேண்டும். லெவலுக்கு ஒரு புள்ளி. மொத்தப் பெர்க்குகள் 251. சாதாரணமாக விளையாடி முடிப்பவர் நாற்பது, ஐம்பது லெவலைத் தொடுவார் என்று வைத்தாலும் ஐந்தில் ஒன்றுதான் வாங்க முடியும். புள்ளியை உடனே செலவழிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை, சேர்த்து வைக்கலாம்.

ஸ்னீக்கின் பெர்க் மரத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். கண்ணில் படாமல் ஒரு கை ஆயுதத்தால் குத்தினால் பெர்க் இல்லாமலேயே 3 மடங்கு அடி. ஸ்னீக் 30-ல் பேக்ஸ்டாப் எடுத்தால் 6 மடங்கு. 40-ல் டெட்லி எய்ம், இது வில்லுக்கானது, 3 மடங்கு. 50-ல் அசாஸின்ஸ் பிளேடு, சிறு கத்திக்கு மட்டும் 15 மடங்கு. மரத்தின் அடியில் இருக்கும் ஸ்டெல்த்தோடு சேர்த்து நான்கே பெர்க்குகள்.

இரும்புக் கத்தியின் அடிப்படை பலம் வெறும் 4. அதுவே பதினைந்து மடங்கில் 60 ஆகிறது. கொலையாளிகள் சங்கமான டார்க் பிரதர்ஹுட்டில் சேர்ந்தவுடன் கொடுக்கும் உடுப்பில் இருக்கும் ஷ்ரவுடெட் கையுறை அதையும் இரட்டிப்பாக்கும்: 120. எல்வன் கத்தி என்றால் 8, அது 240. இதற்கு மேல்தான் ஒன்-ஹேண்டட் பெர்க்குகளும் ஸ்மிதிங் (கொல்லர் வேலை) மெருகும் விஷமும் சேரும். ஸ்கைரிமில் இவ்வளவு குறைந்த புள்ளிகளுக்கு இவ்வளவு பலன் தரும் பாதை வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

எவ்வளவு சீக்கிரம் இதை அடையலாம்? ஸ்னீக் 20-லிருந்து 50 ஆனால் சேரும் புள்ளி 1065. வேறு எதையும் தொடாவிட்டாலும் அதுவே உங்களை ஏழாவது லெவலுக்குக் கொண்டுபோகும், கையில் ஆறு பெர்க் புள்ளி இருக்கும். அதாவது உலகம் இன்னும் தக்குகளை அனுப்பக்கூட ஆரம்பிக்காத நேரத்தில் உங்கள் கையில் பதினைந்து மடங்கு கத்தி.

இருபதாவது லெவல் வரை வரும் 19 புள்ளிகளை நான் இப்படிப் பிரிப்பேன். ஸ்னீக்கில் ஐந்து: ஸ்டெல்த் இரண்டு படி, பேக்ஸ்டாப், டெட்லி எய்ம், அசாஸின்ஸ் பிளேடு. ஒன்-ஹேண்டட்டில் ஆர்ம்ஸ்மேன் மூன்று படி. இல்யூஷனில் ஐந்து: நாவிஸ், அப்ரென்டிஸ், அனிமேஜ், கிண்ட்ரெட் மேஜ், குவயட் காஸ்டிங். ஆல்கெமியில் நான்கு: ஆல்கெமிஸ்ட் இரண்டு படி, ஃபிசிஷியன், பாய்சனர். மீதி இரண்டும் லைட் ஆர்மரின் அஜைல் டிஃபெண்டருக்கு.

இல்யூஷனில் குவயட் காஸ்டிங்கை எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிப்போடாதீர்கள். ஸ்கில் 50 ஆனதும் எடுத்துவிடலாம். அதற்குப் பிறகு எந்த மந்திரம் போட்டாலும் சத்தம் வராது. இருட்டில் உட்கார்ந்தபடியே கூட்டத்தில் ஒருவன் மேல் ஃப்ரென்ஸி வீசினால் அவர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்வார்கள், நீங்கள் இருப்பதே யாருக்கும் தெரியாது.

எடுக்கக் கூடாதவை என்று சில உண்டு. லாக்பிக்கிங்கில் பெர்க் தேவையே இல்லை. மாஸ்டர் பூட்டைக்கூட முதல் லெவலிலேயே பொறுமையும் கை நிறையக் கம்பியும் இருந்தால் திறக்கலாம். ஸ்னீக்கின் இன்னொரு கிளையில் இருக்கும் மஃபிள்ட் ஃபுட்ஸ்டெப்ஸ் நம் ஆளுக்கு இப்போதைக்கு வீண், ஏனென்றால் ஷ்ரவுடெட் பூட்ஸே காலடிச் சத்தத்தை அடக்கிவிடும்.

படி 7: ஸ்கில்களை ஏற்றுவது, எங்கே நிறுத்துவது

ஸ்னீக்கும் கத்தியும் விளையாட விளையாடத் தானாக ஏறும். லைட் ஆர்மர் ஏற அடி வாங்கியாக வேண்டும். கண்ணில் படாத ஆளுக்கு இது மெதுவாகத்தான் நடக்கும். ஓநாய், மட்கிராப் போன்ற பலவீனமான மிருகங்கள் முன்னால் நின்று அடி வாங்கிக்கொண்டு ஹீலிங் மந்திரம் போட்டால் லைட் ஆர்மரும், குணப்படுத்தும் மந்திரங்களின் ஸ்கில்லான ரெஸ்டரேஷனும் சேர்ந்து ஏறும். ஹெல்த் குறைந்திருக்கும்போது போட்டால்தான் ஹீலிங்குக்குப் புள்ளி.

இல்யூஷன்தான் ஆசை காட்டும் இடம். மஃபிள் என்று, காலடிச் சத்தத்தை அடக்கும் ஒரு அப்ரென்டிஸ் (இரண்டாம் படி) மந்திரம். விண்டர்ஹோல்ட் கல்லூரியில் ட்ரெவிஸ் நெலோரனிடம் வாங்கலாம். இதற்கு எதிரி வேண்டாம், சண்டை வேண்டாம், தெருவில் நடந்துகொண்டே போட்டாலும் ஸ்கில் சரசரவென்று ஏறும். பலர் ஒரே மூச்சில் 100 வரை போய்விடுகிறார்கள். அப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 20-லிருந்து 100-க்கு மொத்தம் 4840 புள்ளி. அதனால் மட்டுமே பதினேழாவது லெவலுக்கு வந்துவிடுவீர்கள். கத்தி இன்னும் 15-லேயே இருக்கும், ஸ்னீக் 20-லேயே இருக்கும். குகைக்குள் போனால் ஹைவேமேனும் வைட்டும் காத்திருப்பார்கள்.

மந்திரமும் அங்கே காப்பாற்றாது. இல்யூஷன் மந்திரங்களுக்கு எதிரியின் லெவலில் உச்சவரம்பு உண்டு. வெறியூட்டும் ஃப்யூரி லெவல் 6 வரை, ஃப்ரென்ஸி 14 வரை; அமைதிப்படுத்தும் காம் 9 வரை, பேசிஃபை 20 வரை. கிண்ட்ரெட் மேஜ் மனிதர்கள் மேல் இந்த வரம்பைப் பத்து ஏற்றும், அனிமேஜ் மிருகங்கள் மேல் எட்டு ஏற்றும். அவ்வளவுதான். நீங்கள் லெவல் ஏற ஏற எதிரிகள் இந்த வரம்பைத் தாண்டிப்போகிறார்கள். போதாததற்கு, செத்து எழுந்த ட்ராகர்கள் மேல் இல்யூஷன் வேலையே செய்யாது. ஸ்கில் 90-ல் மாஸ்டர் ஆஃப் தி மைண்ட் எடுத்த பிறகுதான் செய்யும். அதனால் என் கட்டுப்பாடு இது: ஸ்னீக்கும் ஒன்-ஹேண்டட்டும் எங்கே நிற்கின்றனவோ, இல்யூஷன் அதற்குப் பத்து மேல் போகக் கூடாது. மஃபிளை நிறுத்திவிட்டு ஒரு குகையைப் பார்த்துவிட்டு வாருங்கள், கத்தி பின்னாலேயே வந்துவிடும்.

பயிற்சியாளர்களை இதற்கு நேர் எதிராகப் பயன்படுத்துங்கள், பின்தங்கிய ஸ்கில்லை முன்னே இழுக்க. ஒரு லெவலுக்கு ஐந்து பாடம்தான், பயன்படுத்தாதது அடுத்த லெவலுக்குச் சேராது. சிலர் 50 வரை, சிலர் 75 வரை, மாஸ்டர்கள் 90 வரை சொல்லித்தருவார்கள். ஸ்கில் உயர உயரக் கட்டணமும் ஏறும். வொயிட்ரனில் ஆம்ரென் ஒன்-ஹேண்டட்டை 50 வரை. ரிஃப்டனின் திருடர் சங்கத்தில் டெல்வின் மல்லரி ஸ்னீக்கை 90 வரை. டார்க் பிரதர்ஹுட்டில் நஸீர் லைட் ஆர்மரை, பாபெட் ஆல்கெமியை, இருவருமே மாஸ்டர்கள். நம் ஆள் எப்படியும் அங்கேதான் சேரப்போகிறான், ஆக ஒரே கூரையின் கீழ் இரண்டு வேலை முடிந்தது.

வில்லாளிகளுக்கு ஒரு பழைய உபாயம்: ரிவர்வுட்டில் ஃபேண்டால் ஆர்ச்சரி சொல்லித்தருவான். அவன் காதலிக்கும் கமிலா விஷயத்தில் அவனுக்கு உதவினால் உங்களோடு கூட வருவான். பாடத்துக்குக் கொடுத்த காசை அவன் பையிலிருந்தே திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

ஸ்கில் புத்தகங்கள் ஒவ்வொரு ஸ்கில்லுக்கும் ஐந்து, ஆக மொத்தம் 90. முதல்முறை திறந்தால் ஒரு புள்ளி. இவற்றை ஆரம்பத்தில் திறந்துவிடாமல் வீட்டில் அடுக்கி வையுங்கள். ஸ்கில் 90-களில் தவழும்போது ஒவ்வொரு புத்தகமும் நிறைய உழைப்பை மிச்சப்படுத்தும். இருபதில் திறந்தால் சில நிமிட வேலைதான் மிச்சம்.

படி 8: கைத்தொழில்

ஸ்மிதிங், என்சான்டிங், ஆல்கெமி மூன்றையும் ஏற்றினால் நீங்கள் யாராலும் தொட முடியாதவராகிவிடுவீர்கள். உண்மைதான். ஆனால் முதல் ஓட்டத்தில் மூன்றையும் பிடிக்காதீர்கள் என்பேன். மூன்றும் சண்டைக்கு வெளியே ஏறுபவை, லெவலைத் தூக்கிவிட்டுக் கத்தியை அங்கேயே விட்டுவிடும்.

ஆல்கெமியில் எவ்வளவு கற்கிறீர்கள் என்பது காய்ச்சிய மருந்தின் விலையைப் பொறுத்தது. நீல மலைப்பூவும் கோதுமையும் எங்கும் கிடைக்கும். இரண்டையும் சேர்த்தால் ஹெல்த்தை மீட்டு உச்ச அளவையும் கூட்டும் மருந்து. ராட்சதனின் கால்விரல் ஒன்று கிடைத்தால் கோதுமையோடு சேர்த்துக் காய்ச்சிப் பாருங்கள், விலை எங்கேயோ போகும், ஸ்கில்லும் கூடவே போகும். நம் கத்திக்கு முக்கியமானது கேனிஸ் வேரும் இம்ப் ஸ்டூல் காளானும் சேர்ந்த பக்கவாத விஷம். முதல் குத்தில் சாகாத பெரிய ஆள் அப்படியே விறைத்து விழுவான், அதுவே போதும்.

ஸ்மிதிங்கைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இரும்புக் கத்தியை நூற்றுக்கணக்கில் அடித்து 100 தொடும் வழியைப் பழைய பதிவுகளில் படித்திருப்பீர்கள். 2012-ல் வந்த பேட்ச்சுக்குப் பிறகு செய்யும் பொருளின் விலைக்கு ஏற்பத்தான் ஸ்கில் ஏறுகிறது. வொயிட்ரனுக்கு வடக்கே ஹால்டட் ஸ்ட்ரீம் முகாமில் ட்ரான்ஸ்மியூட் மந்திரப் புத்தகம் இருக்கும். இரும்புத் தாதுவை வெள்ளியாக்கி, வெள்ளியைத் தங்கமாக்கி, தங்க மோதிரம் அடியுங்கள். மந்திரம் போடுவதற்கு ஆல்ட்டரேஷன் ஸ்கில்லும் ஏறும். கவசப் பிரியர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய எண் 567: கேடயம் இல்லாமல் முழுக் கவசமும் போட்டு அந்தப் புள்ளியை அடைந்தால் அடிகள் 80% குறையும், அதற்கு மேல் மெருகேற்றுவது வீண் வேலை.

மருந்தும் மந்திரப் பதிப்பும் ஒன்றையொன்று ஊட்டி எண்களை லட்சங்களுக்குக் கொண்டுபோகும் ரெஸ்டரேஷன் மருந்துச் சுழற்சியை முதல் ஓட்டத்தில் தொடாதீர்கள். முக்கியக் கதையின் கடைசி எதிரியான டிராகன் அல்துயின் ஒரே குத்தில் விழுந்துவிட்டால் கற்றுக்கொண்ட எதற்கும் வேலை இருக்காது.

படி 9: இருபதுக்கு மேல்

பதினைந்து மடங்கு கத்தியும் சத்தமில்லா மந்திரமும் கையில் வந்த பிறகு அடுத்த குறி பலவீனங்களை மூடுவது. டிராகன்தான் முதல் பலவீனம். லெவல் 10-ல் சாதாரண டிராகன், 20-ல் ப்ளட், 30-ல் ஃப்ராஸ்ட், 40-ல் எல்டர், 50-ல் ஏன்ஷியன்ட். பறப்பதைக் குத்த முடியாது. டிராகனைத் தரையிறக்கும் ட்ராகன்ரெண்ட் கத்தல் (குரலால் செலுத்தும் மந்திரம்) கிடைக்கும் வரை ஒரு வில்லும் நல்ல விஷமும் வைத்துக்கொள்ளுங்கள். டெட்லி எய்ம் ஏற்கெனவே எடுத்திருக்கிறோம், அது இங்கே பயன்படும்.

ஆனால் வில் வசதியாக இருக்கிறதே என்று அதிலேயே தங்கிவிடுவதுதான் ஸ்கைரிமில் எல்லோருக்கும் நடப்பது. யாரை ஆரம்பித்தாலும் கடைசியில் ஒளிந்திருந்து அம்பு விடும் ஆளாக முடிகிறார்கள். தூரத்திலிருந்து அடிப்பதில் ஆபத்து இல்லை, ஆர்ச்சரியும் ஸ்னீக்கும் ஒரே அம்பில் ஏறுகின்றன. கேம் எதைச் செய்கிறீர்களோ அதைத்தான் வளர்க்கும், நினைத்ததை வளர்க்காது. கத்தி ஆள் வேண்டுமென்றால் டிராகன் விழுந்தவுடன் வில்லை முதுகுக்கு அனுப்பிவிடுங்கள்.

இருபதிலிருந்து நாற்பது வரை புள்ளிகள் போக வேண்டிய வரிசை: ஆர்ம்ஸ்மேனின் மீதி இரண்டு படி, இல்யூஷனை மாஸ்டர் ஆஃப் தி மைண்ட் வரை, ஸ்னீக்கின் ஸ்டெல்த்தை முழுமையாக, ஆல்கெமியின் கான்சன்ட்ரேட்டட் பாய்சன் (ஒரு விஷம் இரண்டு அடிக்கு நிற்கும்). ஷேடோ வாரியர் ஸ்னீக் 100-ல் கிடைக்கும், ஆனால் அதற்கு மஃபிள்ட் ஃபுட்ஸ்டெப்ஸ் இருக்கும் கிளை வழியாகத்தான் போக வேண்டும். சண்டை நடுவே குனிந்தால் ஒரு கணம் எதிரிகள் உங்களை இழந்துவிடுவார்கள், அந்தக் கணத்தில் பதினைந்து மடங்கு குத்து விழும்.

படி 10: லெஜன்டரி, திருத்திக்கொள்வது

ஆரம்பத்தில் பதினெட்டு ஸ்கில்லும் 100 ஆனதும் லெவல் 81-ஐ ஒட்டி நின்றுபோகும். 2013-ல் வந்த 1.9 பேட்ச் இதை மாற்றியது. 100-ல் இருக்கும் ஸ்கில்லை லெஜன்டரி ஆக்கினால் அது 15-க்கு இறங்கும், அதில் போட்ட பெர்க் புள்ளிகள் எல்லாம் திரும்பி வரும், மறுபடியும் ஏற்றலாம். இப்போது லெவலுக்கு உச்சம் இல்லை.

எதை லெஜன்டரி ஆக்குவது? சண்டைக்குத் தேவைப்படாததை. நம் ஆளுக்கு இல்யூஷன் நல்ல தேர்வு, மஃபிள் இருப்பதால் திரும்ப ஏற்றுவதும் சுலபம். இந்த நிலையில் முன்பு சொன்ன கட்டுப்பாடு தேவையில்லை, ஏனென்றால் உலகத்தின் பெரும்பாலான எதிரிகள் தங்கள் உச்சத்தை அடைந்துவிட்டார்கள், கத்தியும் 100-ல் இருக்கிறது. ஸ்னீக்கை மட்டும் லெஜன்டரி ஆக்காதீர்கள். 15-ல் விழுந்த ஸ்னீக்கோடு ஐம்பதாவது லெவல் குகைக்குள் போனால் பத்தடி நகர்வதற்குள் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

பெர்க்கைத் தவறான மரத்தில் போட்டுவிட்டவர்களுக்கு இன்னொரு வழி. டிராகன்பார்ன் என்ற கூடுதல் கதையில் அதன் முக்கிய எதிரி மிராக்கை வென்று முடித்த பிறகு வேக்கிங் ட்ரீம்ஸ் என்ற கறுப்புப் புத்தகத்தைப் படித்தால், ஒரு டிராகன் ஆன்மாவுக்கு ஒரு ஸ்கில் மரத்தின் பெர்க்குகளை முழுவதும் திரும்பப் பெறலாம். ஸ்கில் எண் குறையாது, 100-ல் இருக்க வேண்டியதும் இல்லை. அதனால் கத்தல்களைத் திறந்து முடித்த பிறகு கிடைக்கும் ஆன்மாக்களைச் செலவழிக்காமல் நாலைந்து சேர்த்து வையுங்கள். புள்ளிகள் திரும்பி வந்ததும் முதலில் அசாஸின்ஸ் பிளேடு வரைக்குமான நாலையும் எடுத்துவிட்டு, மீதியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு குகையில் இறங்கிப் பாருங்கள். எது குறைகிறது என்று அங்கே தெரிந்துவிடும்.